ஸ்கில்லாவும் பாண்டியின் துண்டும்

முதலில் 'டங்'கென்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து யாரோ குடோன் கேட்டின் இரும்புத் தாழ்ப்பாளை இழுக்கிறார்கள், அப்புறம்தான் ஆளே தெரியும். போடியில் ஏலக்காய்க் குடோனுக்கு ராக்காவல் பார்ப்பவனுக்கு, ஊர் வீடு திரும்பும் நேரத்தில்தான் பொழுது விடிகிறது. ராத்திரி வேலை பார்க்கும் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியாததா? நமக்கு மனுச முகம் பார்க்கக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

முந்தானை வரிசை

சாயங்காலம், காய் தரம் பிரிக்கும் பெண்கள் ஒவ்வொருவராக கேட்டில் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். காய் ஒளிந்திருக்கக் கூடாது. அதைப் பார்ப்பது என் வேலை. அந்தச் சங்கடத்தை மறைக்கத்தான் கதை சொல்ல ஆரம்பித்தேன்; பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, நானாகத் தட்டுத்தடுமாறிப் படித்த கிரேக்கக் கதைகள். சரசு மட்டும் கதை முடியும்வரை கடைசி ஆளாக நிற்பாள். அவள் நிற்பதற்காகவே நான் கதையை இழுப்பேன்.

அன்றைக்கு ஸ்கில்லா. மாலுமிகளைக் கவ்வித் தின்னும் கடல் பூதம். ஆனால் முதலில் அவள் அழகான பெண். கிளாக்கஸ் என்ற கடல் தேவன் அவள்மேல் ஆசைப்பட்டு, வசிய மருந்து கேட்டு சர்சி என்ற சூனியக்காரியிடம் போனான். சூனியக்காரிக்கோ அவன்மேலேயே ஆசை. அவன் முடியாது என்றதும், ஸ்கில்லா குளிக்கும் இடத்தில் விஷத்தைக் கரைத்துவிட்டாள். தண்ணீரில் இறங்கியவளின் இடுப்பைச் சுற்றி நாய்த்தலைகள் முளைத்துக் குரைத்தன.

சரசு உதற மறந்து நின்றாள். "மாட்டேன்னது அந்த ஆளு. வெசத்த இந்தப் புள்ள தண்ணியில எதுக்குக் கரைக்கணும்?"

பாண்டி குரைத்தது

மறுநாள் சாயங்காலம் நான் வரும்போது, கேட்டுக்கு வெளியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே பகல் காவல்காரன் பாண்டி, இடுப்பில் கைவைத்து விதவிதமாகக் குரைத்துக்கொண்டிருந்தான். சரசுதான் அவனுக்குக் கதையைச் சொல்லியிருக்கிறாள். ராத்திரி ராத்திரியாக நான் படித்துச் சேர்த்த கதையை ஒரே பகலில் அள்ளிவிட்டான். அதுகூடப் போகட்டும். சரசு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

வயதில் மூத்த பேச்சியம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏப்பா, நீ ஒருநாளாச்சும் இப்பிடிக் கொரச்சுக் காட்டுனியா?"

துண்டு

வேலை மாற்றும்போது காவல்காரர்களும் துண்டை உதறிக் காட்ட வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதே இல்லை. அது ஒரு மரியாதை. அன்றைக்குக் கேட்டேன், எல்லோர் முன்னாலும். சிரிப்பு நின்றது. பாண்டி உதறினான். தூசிகூட விழவில்லை.

மறுநாள் காலை, பெண்கள் உள்ளே வரும் நேரம், அவன் என் துண்டைக் கேட்டான். உதறினேன். டீயில் தட்டிப்போட எடுத்து வைத்த இரண்டு காய் விழுந்தது. குனிந்து எடுத்தவன், எல்லோருக்கும் கேட்கும்படி, "காத்துல வந்து ஒட்டியிருக்கும்ணே" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மைமேலும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

சாயங்காலம் சரசு முதல் ஆளாக முந்தானையை உதறினாள். கதை பாக்கி இருக்கிறது என்றேன்.

"அந்தக் கடல்காரன் சூனியக்காரிகிட்டத் திரும்பிப் போனானா?"

"இல்ல. அழுதுகிட்டே ஓடிட்டான்."

"வெசம் வெச்சவகிட்ட அவன் போகலன்னு தெரிஞ்சுமா பாண்டியத் துண்ட உதறச் சொன்னீக?" என்றபடி நடந்தாள்.

பூதம் எப்படிப் பிறக்கிறது என்று ஊருக்கே கதை சொன்ன நான், அது பொறாமையாக என் துண்டுக்குள்ளேயே பிறந்தபோது அடையாளம் தெரியாமல் நின்றுவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, கேட்டடியில் உதிர்ந்து கிடந்த ஏலக்காய்ச் சருகைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்தேன்.