மின்னுவை விட்டுவரப் போலாரம் போன சனிக்கிழமை

எங்கள் நாயை வேறொரு வீட்டில் விட்டுவிடலாம் என்று முடிவு செய்துதான் போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை போலாரம் கிளம்பினேன். ஹைதராபாத் அடுக்குமாடி வீட்டில் வேட்டை நாயை வைத்துக்கொண்டு என்னைப் போல விழிக்கிறவர்களுக்கு உதவலாம் என்று இதை எழுதுகிறேன். மகள் இப்போதுதான் தூங்கினாள். அவள் எழுவதற்குள் முடிக்க வேண்டும்.

மின்னு கன்னி நாய். உடம்பு கறுப்பு, கால்களிலும் புருவத்துக்கு மேலும் பழுப்பு. கரிசல் காட்டில் முயலைத் துரத்துவதற்கென்றே வளர்த்த இனம். முயல் வேட்டை சட்டப்படி குற்றமான பிறகும் கோவில்பட்டிப் பக்கம் சில வீடுகளில் வளர்க்கிறார்கள். என் தாய்மாமா வீடு அதில் ஒன்று. அவர் குட்டியைக் காசுக்குத் தரமாட்டார். வாங்குகிறவர் முந்தானையிலோ துண்டிலோ ஏந்தி, "மூணாவது வீட்டுக்குப் போகாது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வளர்க்க முடியாவிட்டால் கொடுத்தவரிடமே திரும்ப வேண்டும். நானும் என் கல்யாணத்தன்று அப்படிச் சொல்லித்தான் வாங்கினேன்.

நவம்பரில் எங்கள் மெட்டுகுடா வீட்டு மாடிப்படியில் ஒரு பூனை குறுக்கே ஓடியது. மின்னு பாய்ந்தாள். சங்கிலி இரண்டரை வயது யாழினியின் காலை வாரிவிட்டது. உதடு கிழிந்து இரண்டு தையல். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மாதாப்பூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் கணவர் செந்தில், "பாப்பாவா நாயான்னு யோசிக்கவே வேண்டாம்" என்றார். போலாரத்தில் கார்வானி வளர்க்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றை அவருடைய நண்பர் சொன்னார். கார்வானியும் கன்னி மாதிரியே ஒல்லியான வேட்டை நாய், தக்காணத்துக்காரன். வணிகக் கூட்டங்களோடு, அதாவது கார்வானோடு, ஊர் ஊராக நடந்து வந்ததால் அந்தப் பெயர் என்கிறார்கள்.

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். காலை எட்டே காலுக்கு ஆட்டோ பிடித்தேன். இருநூறு கேட்டு நூற்றறுபதுக்கு வந்தார். டிரைவர் மின்னுவைக் கண்ணாடியில் பார்த்து, "காட்தா க்யா?" என்றார். கடிக்குமா என்று கேட்கிறார். நான் பதில் தேடுவதற்குள் யாழினி, "நை காட்தா!" என்று அதட்டினாள். பிளே ஸ்கூல் போக ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு இந்திதான். கார்கானா, திருமலகிரி, லோத்துகுண்டா, அல்வால் என்று ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். வழி முழுக்க மின்னுவின் தாடை என் முழங்கால் மேலேயே இருந்தது. நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டி ஒரு பழைய பங்களா, உயரமான மதில். கதவைத் திறந்த ஸ்டெல்லாவுக்கு என் வயதுதான் இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. கணவரின் தாத்தா பட்டாளத்தோடு வேலூரிலிருந்து வந்தவராம். மூன்று தலைமுறை இங்கேயே இருப்பதால் அவர்கள் தமிழ் ஒரு தினுசு.

"அய்யோ, என்ன இவ்ளோ குண்டு! கைக்கு இப்டி?" என்றாள் மின்னுவைப் பார்த்ததும். கைக்கு என்றால் அவர்கள் பேச்சில் ஏன்.

எனக்குச் சுருக்கென்றது. விலா எலும்பு தெரிகிறதே என்று கீழ்வீட்டு ஆன்ட்டி பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அந்த எலும்பை மறைக்கத்தான் தினம் நெய் விட்ட சோறு, தயிர்சாதம், முட்டை.

"கடைசி ரெண்டு மூணு எலும்பு தெரியணும்க்கா. பாப்பாவுக்கும் இப்டித்தான் ஊட்றீங்களா?" என்று என் கையிலிருந்த டிபன் டப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். யாழினி பருப்புசாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க ஓடுது இது?"

"பால்கனியிலதான் இருக்கும். காலையில பத்து நிமிஷம் வாக்கிங்."

"ஹவ்... அதான்," என்றாள். ஹவ் என்றால் அவர்களுக்கு ஆமாம். "யாரு குடுத்தது? காசா?"

"மாமா. காசில்லை."

"அவர்கிட்ட கேட்டீங்களா? கேக்காம நான் எடுக்க மாட்டேன், நக்கோ. முதல்ல போன் போடுங்க."

போட்டேன். தையல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பிள்ளைக்கு இப்ப எப்படித் தாயி இருக்கு? சரி, சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே ரயிலேறுதேன். நானே வந்து கூட்டிக்கிடுதேன்," என்றார். குரலில் ஒரு குறையும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டு விட்டுவிட்டு வந்திருப்பேன்.

"வந்தது வந்தீங்க, ஒரு தடவை ஓட விடுங்க," என்றாள் ஸ்டெல்லா. கதவைத் தாழிட்டு, நாங்களும் குழந்தைகளும் வராந்தா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டோம். மதிலுக்குள் இருந்த மைதானத்தில் அவளுடைய இரண்டு கார்வானிகள் நின்றன. நான் மின்னுவைக் கம்பிக்கு அந்தப் பக்கம் விட்டுக் கழுத்துப்பட்டையைக் கழற்றினேன்.

மின்னு முதலில் நகரவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு ஒரு கார்வானி கிளம்ப, இவளும் கிளம்பினாள். நாலு காலும் தரையில் இல்லாத அந்த ஓட்டத்தை நான்கு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. "மின்னூ!" என்று கத்தினேன். காதில் விழவில்லை.

"கேக்காதுக்கா. கண்ணால வேட்டையாடுற ஜாதி. ஓடுறதைப் பார்த்துட்டா காது மூடிக்கும். உங்க பாப்பாவை அது தள்ளல, பூனையைப் பார்த்துச்சு."

"அப்போ பயமில்லையா?"

"ஏன் இல்லாம? நான் என் புள்ளையை ஒரு நிமிஷம்கூட இதுங்களோட தனியா விட மாட்டேன்," என்றாள். பயப்படாதே என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். இதை நம்பினேன்.

கால் மணி நேரத்தில் மின்னு தானாகவே வந்து படியில் சாய்ந்தாள். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதை மடித்து மடித்து விளையாடினாள். மின்னு கண்ணைத் திறக்கவே இல்லை. வீட்டில் அவளை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. எப்போதும் ஏதோ கேட்கிற மாதிரியே நிற்பாள்.

"வாரா வாரம் ஓடக் கூட்டிட்டு வாங்கக்கா," என்றாள் ஸ்டெல்லா. பதினொன்றரைக்குத் திரும்பினோம், மூன்று பேரும். ஆட்டோவிலிருந்தே செந்திலுக்குப் போன் செய்தேன்.

"விட்டுட்டியா?"

"இல்லை. இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்கதான் இவளை இங்க ஓடக் கூட்டிட்டு வரணும்."

"நானா?"

"நீங்கதான். அப்புறம் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு தடுப்புக்கதவு வைக்கணும். பாப்பா கூட இருந்தா படியில இவளை நடத்தக் கூடாது."

"தச்சனைக் கேக்கறேன்," என்றார். மாமாவிடம், ரயிலேறுவதென்றால் பேத்தியைப் பார்க்க மட்டும் ஏறுங்கள் என்றேன்.

நாயை ஓடவிடக் கூட்டிப் போகிறவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், வெயிலில் ஓடவிடக்கூடாது. ஓட்டத்துக்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். இந்த இனங்களுக்குத் தலை சிறுத்து இருப்பதால் சாதாரணப் பட்டை கழன்றுவிடும். அகலமான தோல்பட்டை வாங்குங்கள். மதில் இல்லாத இடத்தில் எவ்வளவு பழகிய நாயையும் அவிழ்க்காதீர்கள். மெல்லிய ரோமம், டிசம்பர் குளிருக்கு ஒரு பழைய ஸ்வெட்டர் வேண்டும். தரையில் மெத்தையும் வேண்டும், எலும்பு உறுத்தும்.

நெய்ச்சோறு நின்று ஐந்து வாரமாகிறது. டிபன் டப்பாவோடு நான் யாழினியின் பின்னால் ஓடுவதையும் குறைத்திருக்கிறேன், முழுசாக நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நேற்று வாசலில் கீழ்வீட்டு ஆன்ட்டி என் இடுப்பிலிருந்த யாழினியையும் செந்தில் பிடித்திருந்த மின்னுவையும் மேலும் கீழும் பார்த்து, "ரெண்டும் எலும்பும் தோலுமா இருக்கே?" என்றார்.

"ஹவ்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.