ஆறு வரிசைத் தென்னைகள்

எங்கள் தோட்டம் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே மேட்டுப் பூமியில் இருந்தது. இருபது வரிசை, வரிசைக்குப் பத்தாக இருநூறு தென்னை. கல்யாணமான வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் குழியெடுத்து நட்ட கன்றுகள். எங்களுக்குக் குழந்தை இல்லை. பாகம் பிரித்தபோது என் மாமனார் வாய்க்கால் பாயும் பூமியை மூத்த மகனுக்குக் கொடுத்துவிட்டு, இவருக்கு இந்த மேட்டை ஒதுக்கினார். "சின்னவன் எப்படியும் பொழச்சுக்குவான்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாராம். அந்த வார்த்தை இவருக்கு ஆறவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கிணறு இறங்க ஆரம்பித்தது. பாத்தி கட்டிப் பாய்ச்சினால் நாலு வரிசை நனைவதற்குள் மோட்டார் காற்றை இழுத்தது. அப்போதுதான் சொட்டு நீர் போட்டோம். மேட்டிலிருந்து ஒரு பெரிய குழாய், அதிலிருந்து வரிசைக்கு ஒரு கருப்பு டியூப், மரத்தைச் சுற்றி நாலு சொட்டுவாய்.

போட்டுக் கொடுத்தவர்கள் போன பிறகும் இவருக்குத் திருப்தியில்லை. முதல் மரத்தடியில் ஒரு டம்ளரும் கடைசி மரத்தடியில் ஒரு டம்ளருமாக வைத்துவிட்டு, கையில் கடிகாரத்தோடு குந்தியிருப்பார். பள்ளத்து டம்ளர் சீக்கிரம் நிரம்பும். உடனே ஓடிப்போய் வால்வைக் கொஞ்சம் திருகுவார். ஒரு வாரம் இதே வேலை. கடைசியில் இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பிய அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா அம்மணி, மேட்டு மரத்துக்கும் பள்ளத்து மரத்துக்கும் ஒரே அளவு."

அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் மரங்கள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு மழை பொய்த்தது. கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, சொட்டுவாயெல்லாம் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொண்டது. தையல் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுப்பேன். ஒரு பக்கம் முடித்தால் மறுபக்கம் அடைத்திருக்கும். நாலு மணி நேரம் ஓடிய மோட்டார் இரண்டு மணி நேரமானது, அப்புறம் முக்கால் மணி. குரும்பை பிஞ்சிலேயே கொட்ட ஆரம்பித்தது.

விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் மரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கற தண்ணிக்கு இத்தனை மரம் தாங்காதுங்க. பாதியை விட்டுப்போடுங்க. மிச்சமாவது நிக்கும்."

"எந்தப் பாதியைங்க?" என்று கேட்டார் இவர். அதற்குமேல் இவர் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இருக்கிறது எவ்வளவோ அதை எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுப்பது என்பதுதான் அவர் கணக்கு. கொடுத்தோம். எல்லா மரமும் சமமாக வாடின.

அந்த மாசி மாதம் இவருக்கு மஞ்சள் காமாலை வந்து ஒன்றரை மாதம் படுக்கையில் கிடந்தார். மோட்டார் போடுவது, ஊசியால் குத்துவது எல்லாம் என் தலையில் விழுந்தது. இரண்டாவது வாரம் ஒருநாள் மேற்குப் பக்கம் போய் நின்றேன். மண் ஆழமில்லாத அந்தப் பக்கத்தில்தான் மரங்கள் ரொம்பவும் நைந்திருந்தன. ஆறு வரிசை, அறுபது மரம். டியூப்பின் தலைப்பை மடக்கி, சைக்கிள் டியூப்பைக் கீறி இறுக்கிக் கட்டினேன். ஆறாவது வரிசையைக் கட்டும்போது ஒவ்வொரு மரமாகப் பார்த்தேன். நான் நட்ட குழிகள் எவை, அவர் நட்ட குழிகள் எவை என்று எனக்குத் தெரியும்.

தினமும் கட்டிலில் இருந்தபடியே கேட்பார். "எல்லாத்துக்கும் போகுதா?"

"போகுதுங்க" என்பேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்த முதல் நாளே தோட்டத்துக்குப் போனார். நான் தடுத்தும் கேட்கவில்லை. வெகுநேரம் ஆளைக் காணோம் என்று பின்னாலேயே போனேன். மேற்கு வரிசையில் காய்ந்த மண்மேல் உட்கார்ந்திருந்தார். மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்கின.

"எத்தனை நாளாச்சு?"

"நீங்க படுத்த ரெண்டாம் வாரத்துல இருந்துங்க."

"போகுதுன்னு சொன்னியே."

அவரைத் தூக்கிவிடக் கை நீட்டினேன்.

"எங்கப்பன் எனக்குச் செஞ்சதை நீ இந்த மரத்துக்குச் செஞ்சுபோட்டியே அம்மணி."

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நடக்கத் தெம்பில்லாத மனுஷன் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துக்கொண்டே போனார். "ஏனுங்க, இனி ஊத்துனாலும் இதுக பொழைக்காதுங்க. அந்தப் பக்கத்து மரத்தையாவது பாருங்க" என்று கெஞ்சினேன். ஆறு வரிசையையும் திறந்துவிட்டார்.

சித்திரையில் கிணற்றில் சேறுதான் இருந்தது. போர் போட்டோம், வெறும் புழுதி வந்தது. மேற்குப் பக்கத்து அறுபதும் முதலில் கொண்டை சாய்ந்தன. ஆடிக்குள் மற்ற நூற்று நாற்பதும் போயின.

எங்கள் மேட்டுக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவர், இவர் காமாலையில் விழுவதற்கு முன்பே தன் மரங்களில் பாதியை வெட்டிவிட்டிருந்தார். மீதிப் பாதி அந்தக் கோடையைத் தாண்டியது. நான் கட்டியது கட்டியபடி இருந்திருந்தால் நூற்று நாற்பதும் நின்றிருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கட்டாமலே இருந்திருந்தால் அந்த அறுபது இன்னும் ஒரு மாதம் தாங்கி, அதற்குள் ஒரு மழை பெய்திருக்குமோ என்றும் தெரியாது. இரண்டில் எதை நினைத்தாலும் தூக்கம் போய்விடுகிறது. நீ கட்டினதால்தான் செத்தன என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் அவிழ்த்ததால்தான் என்று நானும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதற்காகவே நாங்கள் மற்றதையும் பேசாமல் விட்டோம்.

மரம் அறுக்க ஆட்கள் வந்த அன்று இவர் டியூப்புகளை மட்டும் தானே பிடுங்கி, சுருட்டி, மோட்டார் ரூமில் அடுக்கினார்.

பிறகு கோயமுத்தூருக்கு வந்துவிட்டோம். சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் இவர் வாசல் காவலுக்குச் சேர்ந்தார். நாங்கள் குடியிருந்த வீட்டு முற்றத்தில் வீட்டுக்கார அம்மா நாலு ரோஜாச் செடி வைத்திருந்தார். ஊருக்குப் போகும்போது, "ஏனுங்க, சாயங்காலம் இதுகளுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திப்போடுங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இவர் குடத்தை நிரப்பிக்கொண்டு செடிகளுக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றுவிட்டு, குடத்தை அப்படியே கீழே வைத்தார்.

"நீயே ஊத்து அம்மணி. எனக்குக் கை வரல."


நான் ஊற்றினேன். எதற்கு எவ்வளவு ஊற்றினேன் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.