ரிமோட்டு போட்ட சாலை

எங்கள் தெருவில் ரிமோட்டு என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். பகலில் வீடுவீடாகப் போய் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பார். சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார், அதற்கப்புறம் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நான் அதே வீட்டின் மாடியில் குடியிருப்பவள். ஆகவே இந்த மனிதரைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு. திட்டவும் உண்டு.

மெஷின் பார்க்கப் போன ஒரு வீட்டின் குப்பைத் தொட்டியில்தான் இந்தப் பைத்தியம் ஆரம்பித்தது. கையில் பிடித்து வீடியோ கேம் ஆடும் கன்ட்ரோலர் ஒன்றை அங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள். கட்டைவிரலால் தள்ளும் அதன் குச்சி தேய்ந்துபோய், யாரும் தொடாமலே திரையில் உள்ள ஆள் இடது பக்கமாக நடந்துகொண்டே இருந்தானாம். அத்தான் அதைக் கேட்டு வாங்கிவந்தார். அதைச் சரிசெய்வதற்காகவே ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டார். குச்சி லேசாக அசைந்தால் கண்டுகொள்ளாதே, நன்றாகத் தள்ளினால் மட்டும் நகர் என்று எழுதினால் போதுமாம். அந்தக் கண்டுகொள்ளாத அளவுக்கு டெட் ஜோன் என்று பெயர்.

"மாமியார் பேச்சுக்கு மருமக வச்சிருக்கிற காது மாதிரி" என்று எனக்கு விளக்கினார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு வீட்டில் எதையும் அவர் சும்மா விடவில்லை. மின்விசிறிக்கு ஒரு கன்ட்ரோலர். மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் அதிர்ந்து சொல்ல இன்னொரு கன்ட்ரோலர். அது அதிர்ந்து அதிர்ந்தே மேஜை விளிம்புக்கு வந்து, அக்கா துணி ஊறவைத்திருந்த வாளிக்குள் ஒருநாள் தொபுக்கென்று விழுந்தது. "பாவம், ஆழம் தெரியாம கால விட்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே அக்கா அதை இடுக்கியால் தூக்கி வெளியே போட்டாள். அந்த வீட்டில் அப்போது சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பிள்ளைகளுக்கு அவள் வண்டிக்கா. திரும்பிப் பார்க்காமலே எவன் எவளைக் கிள்ளினான் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் வண்டிச் சாவி துளைக்குள் போக மறுத்தது. பிறகு இடது கையும் சேர்ந்துகொண்டது. இது முழுதாகப் போகாது, மாத்திரையால் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம், இப்போதைக்கு வண்டி வேண்டாம், ஆனால் கையைச் சும்மா போட்டுவிடாதீர்கள் என்றார் மருத்துவர். அக்கா சாவியை வேன் முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் அக்கா பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் ரிமோட்டு சாலை போட ஆரம்பித்தார். கண்ணை முழுக்க மூடிக்கொண்டு, கம்ப்யூட்டர் வரைந்த இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் பழைய வி.ஆர். கண்ணாடி ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு வேன் ஸ்டீயரிங் கிடைத்தது. அதை மேஜையில் பொருத்தி, நடுவில் வி.ஆர். கன்ட்ரோலரைச் சைக்கிள் ட்யூபால் கட்டினார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கன்ட்ரோலர் அதை உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை ஸ்கூட்டரில் போய்ப் போய் வந்து ஒவ்வொரு திருப்பத்தையும் படம் பிடித்தார், அளந்தார், கம்ப்யூட்டருக்குள் வரைந்தார். வேகத்தடை வந்தால் கன்ட்ரோலர் அதிரும். டிரான்ஸ்பார்மர் மூலையில் சாலை குறுகும்.

கண்ணாடியை முதன்முதலாக மாட்டிய அக்கா வாயைப் பிளந்தாள். "அடேங்கப்பா! மருந்துக்கடை போர்டு ஒரு பக்கம் தொங்குதே, அதுகூட இருக்கு!"

கொஞ்ச தூரம் ஓட்டியதும் முகம் சுருங்கியது. "ஏங்க, பிள்ளைங்க இல்லாம வண்டி சவ வண்டி மாதிரி இருக்கு."

மறுநாளே ரிமோட்டு தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து, வேனில் எப்படிக் கத்துவீர்களோ அப்படியே கத்துங்கள் என்றார். சொல்ல வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். அந்தச் சிரிப்பும் சச்சரவும் "வண்டிக்கா, இவன் என்னக் கிள்ளுறான்" என்ற முறையீடும் வண்டியின் பின்சீட்டுக்குப் போயின. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "டேய், கைய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று இல்லாத பிள்ளையை அதட்டியபடி ஓட்டினாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும், எவ்வளவு ஆடாமல் ஓட்டினாள் என்று திரையில் நூற்றுக்கு மதிப்பெண் வரும். முதலில் எழுபது வந்தது. பிறகு அறுபது. ஒரு சாயங்காலம் நாற்பதுக்கு இறங்கியபோது அக்கா சாப்பிடாமலே போய்ப் படுத்தாள். அடுத்த வாரம் எழுபத்தைந்து. அப்புறம் எண்பது. மாத்திரை வேலை செய்கிறது என்று நாங்கள் பூரித்துப்போனோம். அக்கா மறுபடி தலையைப் படிய வாரினாள், பாட்டு முணுமுணுத்தாள், என்னோடு சண்டை போட்டாள். தொண்ணூறைத் தாண்டிய அன்று வேன் முதலாளிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, திங்கக்கிழமையிலருந்து நான் வண்டி எடுக்கட்டுமா? கை நல்லாயிடுச்சு."

"நீ சொன்னாப் போதும்மா. பிள்ளைங்க தினமும் உன்னத்தான் கேக்குதுங்க. வந்து சாவிய வாங்கிக்க" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அக்கா எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தாள். தம்ளரில் வந்தது பாதி. மீதிப் பாதி சமையலறையிலிருந்து கூடம்வரை தரையில் சொட்டியிருந்தது. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. முன்பு இவ்வளவு சிந்தியதில்லையே, தொண்ணூறு வாங்குகிற கையா இது என்று எனக்கு உறைத்தது. நேராகப் போய் அத்தானை மாடிப்படியில் மடக்கினேன்.

"அத்தான், உண்மையச் சொல்லுங்க. அந்த மார்க்கு எப்படி ஏறுது?"

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் விழித்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "டெட் ஜோன கொஞ்சம் கூட்டினேன். அவ சாப்பிடாமப் படுத்துட்டாளே, அதனாலதான். அப்புறம் கை இன்னும் மோசமாச்சு. நானும் கூட்டிக்கிட்டே போனேன். இப்ப நடுக்கம் எதையும் வண்டி எடுத்துக்கிறதில்ல. ரோடே அவளுக்காக நேராப் போகுது."

"அடப் பாவி மனுஷா! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீங்களே! திங்கக்கிழமை அவ ஏத்தப்போறது கம்ப்யூட்டர் பிள்ளைங்கள இல்ல, பெத்தவங்க நம்பி அனுப்புற பிள்ளைங்கள. இப்பவே போய் நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அவர் எழுந்து கீழே வந்தார். அக்கா திங்கட்கிழமைக்காகச் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னார். அவள் நம்பவில்லை.

"சும்மா விளையாடாதீங்க. என் கை எனக்குத் தெரியாதா?"

அவர் போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "டெட் ஜோன சைபருக்குக் கொண்டுவந்துட்டேன். ஒரு தடவ ஓட்டிப் பாரும்மா" என்றார்.

அக்கா கண்ணாடியை மாட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அவள் பார்ப்பது எங்களுக்கு டிவியில் தெரிந்தது. தெருமுனையிலேயே வண்டி ஆடியது. மருந்துக்கடைச் சுவரில் உரசியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை இறுக்கினாள், நடுக்கம் இன்னும் கூடியது. டிரான்ஸ்பார்மர் மூலையில் வண்டி நடைபாதைமேல் ஏறி, கம்பி வேலியை முட்டி நின்றது. சாலையைப் பார்த்துப் பார்த்துப் போட்டவர் பின்சீட்டுக்கு அழக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டார். பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வண்டிக்கா, இவன் என்னக் கிள்ளுறான்" என்றது ஒரு குரல்.

அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. "முட்டி நிக்குது. இதுங்க இன்னும் சிரிக்குதுங்களே" என்றாள்.

பிறகு கழற்றி வைத்தாள். முதலாளிக்கு அவளே போன் போட்டாள். "அண்ணே, வேற ஆளப் பாத்துக்கங்க. கை சரியாகல. இல்லண்ணே, இனிமேலும் ஆகாது." போனை வைத்துவிட்டு அத்தான் பக்கம் திரும்பினாள். "என்ன ஏமாத்தினீங்க, அது நமக்குள்ள. அந்தப் பிள்ளைங்க உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு?"

ரிமோட்டு குழந்தைபோல அழுதார். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, இரண்டையும் ஒரே நாளில் பட்டார். பல நாள் அக்கா அவரோடு பேசவில்லை. கம்ப்யூட்டர்மேல் துணி போட்டு மூடிவைத்தார். நான் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு சாயங்காலம் அக்காவே வந்து அந்தத் துணியை எடுத்தாள். கையைச் சும்மா போடக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், கண்ணாடியை மாட்டவில்லை.

"முதல்ல பிள்ளைங்கள இறக்கி விடுங்க. அப்புறம் ஓட்டுறேன்."

அத்தான் ஒவ்வொரு குரலாக எடுத்தார். கடைசிக் குரல் போனதும் கூடத்தில் ஸ்டீயரிங் கிரீச்சிடுவது மட்டும் கேட்டது.

இப்போதும் தினமும் ஓட்டுகிறாள். டெட் ஜோன் சைபரிலேயே இருக்கிறது. காலி வண்டி சுவரில் உரசி, வேலியில் முட்டி, எப்படியோ பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரிமோட்டு மதிப்பெண்ணை உரக்கப் படிக்கிறார். நேற்று பதினொன்று வந்தது. பதினொன்று என்றே படித்தார்.