கருவிக்காக நான் எழுதிய பக்கம்

சிவகாசி அச்சகம் ஒன்றில் பிழைதிருத்துபவனாக என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தேன். பட்டாசுப் பெட்டிகளின்மேல் அச்சாகும் ‘எட்டி நின்று பற்ற வைக்கவும்’ என்ற வரியை எத்தனை தடவை சரிபார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மற்றதெல்லாம் அச்சுக்கு வந்த தாள்களில் கற்றதே. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் என் மகள் சென்ற ஆண்டு ஒரு வேலையை என்னிடம் கொடுத்தாள்.

எம். புதுப்பட்டிக்கு அருகே ஒரு பட்டாசு ஆலை வெடித்துத் தரைமட்டமாயிற்று. இறந்தோரில் பலர் வருகைப் பதிவேட்டில் இல்லாதவர்கள், சீசனுக்கு அழைத்துவரப்பட்டவர்கள். அவர்கள் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கு வீட்டாரும் உடன் வேலை செய்தோரும் சொல்லும் வாய்மொழியன்றி வேறு சான்றில்லை. நானும் சில ஆசிரியர்களும் வீடுவீடாகச் சென்று அந்த வாக்குமூலங்களைக் கைபேசியில் பதிந்தோம். அவற்றிலிருந்து பெயர்ப்பட்டியல் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். மதுரையில் கணினி வேலை பார்க்கும் என் மகள் அதற்கென ஒரு சிறு கருவி செய்தாள். எழுத்தாக்கிய வாக்குமூலத்தைக் கொடுத்தால், எந்தச் சொல் எத்தனை முறை வந்துள்ளது, எந்தெந்த ஆட்பெயர்கள் உள்ளன என்று அது சொல்லும். அதை இயக்கப் போவது மனிதர் அல்லர்; ஏஐ ஏஜென்ட், அதாவது, எழுதிக் கொடுத்த குறிப்பைப் படித்துத் தானே வேலையை முடிக்கும் மென்பொருள். அந்தக் குறிப்பை நான் எழுத வேண்டும்.

“பெட்டி மேல போடுற மாதிரி சுருக்கமா எழுதுங்கப்பா. அது சொன்னதை மட்டுந்தான் செய்யும். எதுத்துக் கேள்வி கேக்காது” என்றாள்.

“ஒங்க அம்மா இம்புட்டு நாளா தேடுற மருமகன் இதுதான் போல” என்றேன். சிரித்தாள்.

ஒரே பக்கம், ஆறு விதிகள். ஐந்தாவது இது: ‘இறந்தவரின் பெயர் ஓரிடத்திலும் காணப்படாவிடில், அவ்வாக்குமூலம் தொடர்பற்றது எனக் கொண்டு ஒதுக்குக.’ அவ்வாக்கியத்தின் கட்டுக்கோப்பில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

பட்டியலை அதிகாரியிடம் அளித்துவிட்டு, மறுநாள் சமுதாயக் கூடத்தில் வீட்டார் முன்னிலையில் நானே வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டார் எழுந்து நின்றார்கள். பன்னிரண்டு பெயர்கள் முடிந்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் எழாமலே இருந்தார். மல்லாங்கிணற்றிலிருந்து வந்தவர். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுகளை நீங்க வாசிக்கலையே.”

“பேரு என்ன தாயி?”

அவர் தலை குனிந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் பக்கத்துப் பெண்களில் பலர் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. என் மனைவி இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் என் பெயரைச் சொன்னதில்லை. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் ஐந்தாம் விதியை எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, ஒதுக்கப்பட்டவற்றுள் அவருடைய வாக்குமூலத்தைத் தேடி எடுத்தேன். ‘அவுக டீ மட்டும் குடிச்சாக. அவுக டிபனை மறந்துட்டுப் போயிட்டாக. நான் எடுத்துக்கிட்டுப் பின்னால ஓடுனேன்.’ கருவி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ‘அவுக’ முப்பத்தொரு முறை, ஆட்பெயர் ஏதுமில்லை. மற்றவர்களின் பெயரைத் தாயோ உடன் வேலை செய்தவரோ சொல்லியிருந்தார்கள். இவர் கணவரோ அன்றுதான் முதன்முதலாக அந்த ஆலைக்கு லோடு ஏற்றப் போனவர். அவரை அறிந்தவர் அங்கே எவருமில்லை.

மகளிடம் கைபேசியில் சொன்னேன். “நானும் அந்த விதியைப் படிச்சேன்ப்பா. எனக்கும் தோணலை” என்றாள்.

ஐந்தாம் விதியை அழித்து இப்படி எழுதினேன்: ‘பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று கொள்ளாதே. மனைவி பேசும்போது பெயர் வராமலிருக்கலாம். எந்த வாக்குமூலத்தையும் நீயாக ஒதுக்காதே. மனிதர் ஒருவரிடம் கொடு.’

பிறகு மல்லாங்கிணற்றுக்குப் போனேன். அவர் தம் வாக்காளர் அட்டையை எடுத்துவந்து, கணவர் பெயர் என்ற வரியின்கீழ் விரலை வைத்தார். நான் எழுதிக்கொண்டேன். துணைப்பட்டியல் ஒன்றை அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கி முத்திரையிட்டுத் தனி உறையில் வைத்தார்கள். விசாரணையில் அது எடுத்துக்கொள்ளப்படுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதைச் சொல்ல மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கொண்டார். நான் எழுந்தபோது, “ஒருக்கா வாசிங்க அண்ணாச்சி. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே, மொதல்ல இருந்து” என்றார்.

வாசித்தேன். பன்னிரண்டு பெயர்கள் வரை அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பதின்மூன்றாவது பெயரை வாசித்ததும் எழுந்து நின்றார்.