சந்தனம் வைத்த மைக்

ஓர் ஊர் ஒருத்தியை அவளுடைய குரலால்தான் அறிந்து வைத்திருந்தது என்றால், அந்தக் குரல் போன பிறகு அந்த ஊருக்கு அவள் யார்? நாற்பது வயதைத் தாண்டிய ரூபினியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டது. அவள் அதற்குப் பதில் தேடவில்லை. கேள்வியே தப்பு என்பது அவள் கட்சி. "குரல் எங்க லா போச்சு? இந்தா, பேசிக்கிட்டுத்தான இருக்கேன்?" என்பாள்.

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள் ரூபினி. அதே லைனில் வாழ்க்கைப்பட்டு, தோட்டத்து ஆலையில் தேயிலைத் தூளைப் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். தோட்டத்தில் அவளைப் போல வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வெள்ளிக்கிழமை விடிகாலையில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கேட்பது அவளுடைய பாட்டு. பல வருடங்களுக்கு முன் கோயில் மைக்கில் பாடிப் பதிந்தது. 'கண் திற தாயே, பனி கலைந்தது' என்று அது தொடங்கும்போது லைன் வீடுகளில் அடுப்பு பற்றும். அது முடிவதற்குள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். திருவிழாக் கொடியேற்றத்தன்று மட்டும் அவளே அம்மன் முன்னால் நின்று அதைப் பாடுவாள்.

போன வருடம் அவள் கழுத்தில் கட்டி வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அது சேதப்படலாம் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். அவளும் சம்மதித்துத்தான் படுத்தாள். கட்டி போயிற்று; கூடவே குரலின் மேல்பாதியும் போயிற்று. மிஞ்சியது காற்றும் சொரசொரப்பும் கலந்த ஒன்று. சலிக்காத தூளைத் தகரத்தில் கொட்டுகிற சத்தம் என்று அவளே சொல்லுவாள்.

குரல் போனதைவிட அதற்காக ஊர் காட்டிய அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மற்றவர்கள் முடித்து வைத்தார்கள். கம்போங் ராஜா மளிகைக் கடைக்காரர் அவளுக்குக் காது கேட்காதது போலக் கத்திப் பேசினார். பக்கத்து வீட்டுக் காளியம்மா தினமும் கற்பூரவல்லி இலையோடு வந்தாள்.

"பேசாத புள்ள. தொண்டைக்கு ரெஸ்ட் குடு."

"எவ்ளோ நாளைக்கு க்கா குடுக்கிறது? செத்த பெறகு நெறைய ரெஸ்ட் கெடைக்கும்."

முன்பெல்லாம் அளந்து பேசுகிறவள், அதற்குப் பிறகு வேண்டுமென்றே அதிகம் பேசினாள். ஆலை இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் ஒரு எவர்சில்வர் கரண்டியை மேசையில் தட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகு, சொல்ல வேண்டியதை முழுசாகச் சொல்லி முடிப்பாள்.

கொடியேற்றம் நெருங்கியபோது கோயில் தலைவர் குணாளன் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர்.

"எப்பவும் போல நீ முன்னால வந்து நில்லும்மா. பழைய பாட்ட நாங்க பின்னால போட்டுர்றோம். நீ வாய மட்டும் அசைச்சாப் போதும்."

"வாய மட்டுமா ண்ணே?"

"யாருக்கும் தெரியாது லா. ரூபினிய ஒதுக்கிட்டாங்கன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாதில்ல."

"அம்மனுக்குமா தெரியாது?"

குணாளன் சங்கடமாகச் சிரித்தார். "உன் குரல் இப்ப மைக்குல ஏற மாட்டேங்குதும்மா. நா என்ன பண்ண?"

"அப்ப மைக்கு சரியில்ல. ஏறுற மைக்க நா வாங்குறேன். இப்ப இருக்கிற குரல்ல பாடிப் பதிஞ்சு கொண்டாரேன். இனிமே அதத்தான் போடணும், கொடியேத்தத்துக்கும் வெள்ளிக்கெழமைக்கும். பழசு வேணாம்."

"கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேட்டுட்டே சொல்லுங்க."

அவள் பதிவு என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. நின்று பாடினால் இரண்டாவது அடியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். பதிவில் அடி அடியாக நிறுத்திப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாம். ஈப்போவில் படிக்கும் மகள் யுவனேஸ்வரி போனிலேயே எல்லாம் விளக்கி, ஸ்டூடியோவில் வைக்கிற மாதிரியான ஒரு கண்டென்சர் மைக்கை ஆர்டர் செய்து கொடுத்தாள். அவள் விட்டுப்போன பழைய லேப்டாப் வீட்டில் இருந்தது.

பார்சல் கம்போங் ராஜா கடைக்கு வந்தது. லோரி ஓட்டும் கணவன் மகேன் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் அதை வாங்கி, லோரியின் முன்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தான்.

ரூபினிக்குத் தெரிந்த மைக் ஒன்றே ஒன்றுதான்: கோயில் மைக். உருண்டைத் தலை, ஊரில் உள்ள அத்தனை பேருடைய எச்சில் வாடை, வாயோடு ஒட்டிப் பிடித்துக் கத்தினால் கேட்கும். இது வேறு சாதியாக இருந்தது. பஞ்சு மெத்தையில் படுத்திருந்ததைத் தூக்கினால் அம்மிக்குழவி போலக் கனத்தது. திறக்க மூட ஒரு பொத்தான்கூட இல்லை. ரப்பர் வார்கள் பூட்டிய வளையத்தில் அதைத் தொங்கவிட வேண்டும். கூட வந்த சிறு பெட்டியின் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து மைக்குக்கு மின்சாரம் போகும்; அதற்குப் பிறகுதான் அது கேட்கத் தொடங்கும்.

மகேன் தன் வழக்கப்படி விரலால் அதை இரண்டு தட்டு தட்டினான். 'ஹலோ, ஹலோ' என்று ஊதினான். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ரூபினி அலறிக் கழற்றினாள்.

"லோரி டயரா இது, தட்டிப் பாக்க?"

உச்சியில் வாயை வைத்துப் பாடினாள். குரல் அடுத்த லைனிலிருந்து வருவது போலக் கேட்டது. கூட வந்த தாளில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இதற்கு வாய் உச்சியில் இல்லை. சின்ன முத்திரை பதித்த பக்கவாட்டில்தான் இதற்கு முகம் இருந்தது. அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

அப்போது அவள் கேட்டது இதுவரை கேட்டறியாத ஒன்று. காளியம்மா வீட்டுக் குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது. சாலையில் கோலா தெர்லாவுக்கு ஏறும் லோரி கியர் மாற்றுவது கேட்டது. அவளே எச்சில் விழுங்குவது கேட்டது. ஒரே ஒரு அடி பாடினாள். போட்டுக் கேட்டபோது, குரலில் கிழிந்த இடமெல்லாம் கிழிந்தபடியே வந்திருந்தது. மகேன் சுவரைப் பார்த்தான்.

"புது மைக்குல்ல. பழகணும் லா."

"மைக்கு பழகணுமா, நீங்க பழகணுமா?"

அவளுக்கு அந்தக் கருவி மேல் கோபம் வரவில்லை. ஒரு வருடமாக அவள் வாயைத் திறந்தாலே எதிரில் இருந்த முகங்கள் இளகின. இது இளகவில்லை. வந்ததை வாங்கி வந்தபடி திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் மகேன் லோரியைக் கழுவி, அதன் நெற்றியில் சந்தனம் இழுத்துக் குங்குமம் வைப்பான். லோரி முதலாளி தவுக்கேயுடையது, ஆனாலும் பொட்டில்லாத லோரியில் அவன் ஏறமாட்டான். வீட்டுக்குப் புதிதாக வந்த எதற்கும் அவன் கையால் பொட்டு உண்டு. கிரைண்டருக்கு உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு. மைக்குக்கு முகம் எது என்று நேற்றுத்தான் தெரிந்துகொண்டிருந்தான். முத்திரைக்கு மேலே, கம்பி வலையின் நடுவில், மூன்று விரலால் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தான். ரூபினி வேலை முடிந்து வந்து பார்த்தாள். சாமிக்கென்று வைத்த சந்தனத்தை யாரும் கையால் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். விட்டுவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் பதிவு. வீட்டிலிருந்த கம்பளி எல்லாவற்றையும் கொடியில் போட்டு ஒரு மூலையைக் கூடாரமாக்கினாள். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளக் காளியம்மா வெளியே காவல் இருந்தாள். காவலிருந்தவளே அடிக்கடி "உஸ்ஸு!" என்று போட்ட சத்தத்தில் இரண்டு அடிகள் வீணாயின. நடுவில் மகேன் உள்ளே வந்து வழக்கம் போல லோரிச் சாவிக் கொத்தை மேசையில் எறிந்தான். அந்த அடி நன்றாக வந்திருந்ததால் அப்படியே விட்டாள்.

சேர்த்துப் போட்டுக் கேட்டார்கள். குரல் மிருதுவாக இருந்தது. காற்றிரைச்சல் இல்லை. சொரசொரப்பு எங்கோ அடியில், கம்பளிக்குள் சுற்றி வைத்தது போல இருந்தது. காளியம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"ரூபினி வந்துட்டா லா!"

"எங்கேருந்து க்கா வந்தேன்? இங்கதான இருந்தேன்?"

சொன்னாளே தவிர, அவள் முகமும் மலர்ந்துதான் இருந்தது. அன்று மாலையே குணாளனிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "பழைய ரூபினியேதாம்மா. பேச்சே இல்ல, இதையே போடுவோம். பழச எடுத்துடுறேன்." அவள் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, தனியாக உட்கார்ந்து அதை மறுபடி கேட்டாள். சாவிக் கொத்து விழும் இடம் வந்தது. நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். அந்தச் சாவிக் கொத்தின் சத்தம் அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும். பக்கத்து அறையில் தூங்குகிறவளையும் எழுப்பிவிடும். இங்கே அது ஈரத்துணி மூட்டை போல விழுந்தது. எழுந்து போய் மைக்கைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வலைக்கண்களை எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது.

மகேன் வந்ததும் சொன்னாள். அவன் குதூகலித்தான்.

"பாத்தியா! நா அப்பவே நெனச்சேன். சாமி குடுத்த குரல்!"

"சாமி குடுக்கல. சந்தனம் அடைச்சிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் லா!"

அவன் பேச்சை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பாடியது அவள்தான், இந்த வருடத்து மூச்சில், இந்தத் தொண்டையால். யாரும் எதையும் மாற்றி வைக்கவில்லை. வெள்ளிதோறும் ஊர் கேட்ட பழைய பாட்டும் கோயில் ஒலிபெருக்கிப் பெட்டியின் எதிரொலியில் முங்கி எழுந்து வந்ததுதான். எதையும் கலக்காமல் ஒரு குரலைக் கேட்டவர் யார்? நடுவில் காற்று இருக்கிறது, சுவர் இருக்கிறது, கேட்கிறவருடைய ஆசை இருக்கிறது. அந்த வரிசையில் சந்தனத்தை மட்டும் பொய் என்று பிரிப்பது எப்படி? மகேன் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "நல்லா இருக்குல்ல? அத விடேன்" என்றான்.

காய்ந்த சந்தனம் பாதி தானாகவே உதிர்ந்தது. மீதியை ரூபினி பழைய பல்துலக்கும் பிரஷால், வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, துகள் உள்ளே போகாமல் மெதுவாகத் தேய்த்து எடுத்தாள். மறுநாள் சாயங்காலம் கம்பளிகளை மறுபடி கட்டினாள். இந்த முறை யாரையும் காவல் வைக்கவில்லை. அடி அடியாக நிறுத்தி, முதலிலிருந்து கடைசி வரை பாடினாள். மேல் ஸ்தாயியில் குரல் நின்றே போன இடத்தில் காற்றாகவே தாண்டினாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காளியம்மா கேட்டாள். "ஏ ரூபினி, முந்தாநாளு அவ்ளோ நல்லா இருந்துச்சே. ஏன் கெடுக்கிற?"

"கெடுக்கல க்கா. பாடுறேன்."

"என்னா புள்ளயோ!"

கொடியேற்றத்தன்று காலை கோயிலில் நல்ல கூட்டம். பனி இன்னும் தேயிலை மேல் படுத்திருந்தது. குணாளன் ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் கட்டைவிரலை உயர்த்தினார். ரூபினி தன் கைப்பேசியை அவர் முன் நீட்டினாள்.

"அத எடுத்துட்டு இதப் போடுங்க ண்ணே."

ஹெட்போனில் கொஞ்சம் கேட்டவர் முகம் மாறியது. "ஏம்மா? அதுவும் நீ பாடினதுதான?"

"நாந்தான் பாடினேன்."

"நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்னா? நாலு பேரு சிரிப்பான் லா."

"சிரிக்கட்டும். இதப் போடுங்க."

பூசாரி தட்டோடு நின்றுகொண்டிருந்தார். வாதாட நேரமில்லை. குணாளன் போட்டார். நாலு ஒலிபெருக்கியிலும் அந்தக் கிழிந்த குரல் சரிவுகளில் இறங்கியது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் உண்மையிலேயே சிரித்தான். பாட்டு பாதியை எட்டியபோது பேச்சு நின்றிருந்தது. அது பிடித்துப்போய்த்தான் நின்றது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளிலும் அதுதான் கேட்கிறது. மகேன் அவளிடம் காரணம் கேட்டுப் பார்த்தான், வீட்டில் ஒரு முறை, கோலா தெர்லா போகிற வழியில் லோரியில் வைத்து இன்னொரு முறை. குளிருது, கண்ணாடியை ஏற்றுங்க என்றாள். சந்தனத்தோடு பாடியது அவள் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. அவள் அதை அழிக்கவும் இல்லை, அதற்குப் பிறகு யாருக்கும் போட்டுக் காட்டவும் இல்லை.