பத்து வயதுச் சட்டை

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். நான் வாசித்துச் சொன்ன முதல் இங்கிலீஷால் என் மாமாவின் தொழில் போயிற்று. முதல் செய்தியை அம்மா தாராவி முழுக்கச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் சந்தின் முனையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து நான்கு தையல் மெஷின் போட்டிருந்தார். நிமிர்ந்து நின்றால் தகரம் மண்டையில் இடிக்கும். அதற்கும் மாடி என்றுதான் பெயர். வெளிநாட்டுக்குச் சட்டை அனுப்புகிற ஒரு சேட்டின் குடோனிலிருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும். மாமாவும் மூன்று பேரும் தைப்பார்கள், அம்மா காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். கத்தரிக்கோல் சேட்டின் ஆட்கள் கையில் இருந்தது. அது தன் கைக்கு வராதவரை தான் வெறும் தையல்கூலிதான் என்பது மாமாவின் தீராத குறை.

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் கத்தரிக்கோல் கைக்கு வரும் நேரம் வந்தது. சேட்டின் உறவினர் ஒருவருக்கு மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றில் ஜவுளிக்கடை. அங்கே பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நீலச் சட்டைகள் போய்ச் சேர வேண்டும். பல அளவுகளில் ஒரே ஒரு அளவை மட்டும், அதுவும் வெட்டாத துணியாக, மாமாவிடம் அனுப்பினார் சேட். சரியாக வந்தால் இனி வெட்டும் வேலையும் மாமாவுக்கே. கெட்டுப்போனால் துணிக்கு மாமாதான் பொறுப்பு. மாமாவிடம் பொறுப்பேற்க அந்த நான்கு மெஷின்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

துணியோடு ஒரு காகிதம் வந்தது. எண்கள் மாமாவுக்குத் தெரியும். தலைப்பில் இருந்த இங்கிலீஷ்தான் தெரியவில்லை. தெரியாமலே விட்டிருக்கலாம்.

“ஏலே மருமவனே, இது என்ன எழுதியிருக்குன்னு வாசி பாப்பம்.”

அந்த வருஷம்தான் எங்களுக்கு இங்கிலீஷ் ஆரம்பித்திருந்தது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். “ஏஜ் டென். பத்து வயசு, மாமா.”

அம்மா பல்லில் நூலைக் கடித்தபடியே சிரித்தாள். மெஷின்கள்கூட ஒரு நொடி நின்றன. அவ்வளவு பெருமையை நான் அதற்குப் பிறகு பட்டம் வாங்கியபோதும் அனுபவித்ததில்லை.

மாமா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒனக்கு எத்தன வயசு?”

“பத்து.”

“இங்க வா.”

காகிதத்தில் இருந்த அளவுக்கே முதலில் ஒரு சட்டையை வெட்டித் தைத்து எனக்கு மாட்டிவிட்டார். தோள் பாதிக் கைக்கு இறங்கியது. விளிம்பு முழங்காலைத் தொட்டது. நான் கைகளை ஆட்டிக்காட்ட எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

“பேப்பர் எழுதுனவன் கல்யாணம் ஆவாதவனா இருப்பான். பத்து வயசுப் புள்ளைய கண்ணால பாத்திருக்க மாட்டான்.”

ஓர மெஷினில் உட்காரும் காயல்பட்டணத்து பாய்தான் தடுத்துப் பார்த்தார். “அண்ணாச்சி, எழுதுனத வெட்டிட்டுப் போவோம். வெஸ்ட் இண்டீஸ்காரன் எம்புட்டு ஒசரம்னு கிரிக்கெட் பாத்தவனக் கேளுங்க.”

“அது ஆட்டக்காரன், வே. பாலும் முட்டையுமா தின்னுட்டு வந்து பந்து எறியுதான். இது பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக. அதுவும் ஏழப்பட்ட ஊராம், சேட்டே சொன்னாரு. நம்ம சனமும் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போயிருக்கு அங்க. ஏழப் புள்ள எங்கிருந்தாலும் நம்ம புள்ள மாதிரிதான இருக்கும்?”

மாமா அவசரக்காரர் இல்லை. என் ஒருவனை நம்பி அவர் முடிவு செய்யவில்லை. என் வகுப்பில் பத்து வயதானவர்கள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவரச் சொன்னார். நாங்கள் நால்வரும் தகரத்தடியில் வரிசையாக நின்றோம். எங்கள் மார்பையும் தோளையும் கையையும் மாமா அளந்தார். நால்வருக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. மாமாவுக்குத் திருப்தியாகிவிட்டது. காகிதம் தப்பு, எங்கள் உடம்பு சரி. எங்கள் அளவுக்கே வெட்டினார்.

எட்டு நாள் அந்த மாடியில் கல்யாண வீட்டுக் களை. நான் பள்ளிவிட்டு நேராக அங்கே ஏறிவிடுவேன். அந்தத் தீவில் யாரோ ஒரு பையன் எனக்கென்று அளந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகப்போகிறான் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். யாரும் நம்பவில்லை.

சட்டைகளை எடுத்துப்போக சேட்டின் சூப்பர்வைசர் வந்தார். மாமா சட்டைகளைக் காட்டுவதற்கு முன், மிச்சமான துணியை மடித்து அவர் முன்னால் வைத்தார். அளவு சிறியதானால் துணி மிஞ்சும் அல்லவா? ஒரு முழம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று சேட் தெரிந்துகொள்ளட்டும் என்பது மாமாவின் எண்ணம். அந்த மடிப்பின் கனத்தைப் பார்த்ததுமே சூப்பர்வைசரின் முகம் மாறியது. ஒரு சட்டையை உதறி விரித்து டேப்பை வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு கட்டு முழுவதையும் காலால் தள்ளினார்.

மாமாவுக்கு இந்தி தடுமாறும். பேசிப் புரியவைக்க முடியாமல் என்னைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தினார். “தஸ் சால், சாப். தேக்கோ, தஸ் சால்.” பத்து வயது, நீங்களே பாருங்கள் என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டேப்பை என் மார்பைச் சுற்றிப் போட்டார், இழுத்தார், இன்னும் இழுத்தார். “யே? யே தோ சே சால் கா ஹை!” ஆறு வயதாம் எனக்கு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு படிக்கிறவன் எப்படி ஆறு வயதாக இருப்பான்? வேண்டுமானால் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைக் கொண்டுவருகிறேன் என்று நல்ல இந்தியில் அவரிடம் வாதாடினேன். அவர் என் தலையில் தட்டிவிட்டு, அந்தத் தீவும் கரீப், ஏழை ஊர்தான், ஆனால் இவ்வளவு கரீப் இல்லை என்று சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார்.

அவர் போன பிறகு யாரும் மெஷினை மிதிக்கவில்லை. அம்மா பட்டன் டப்பாவை மூடினாள்.

“அளவு தப்பாப் போச்சின்னா துணிய வச்சுப் பேசியிருக்கணும்ணே. எம்புள்ளைய நிறுத்தி வச்சுக் காட்டணுமா?”

“காட்டணும்னு நிறுத்தலம்மா.” மாமா என்னைப் பார்க்காமலே பேசினார். “எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

என்ன தெரிந்தது என்று நான் கேட்டேன். மாமா குனிந்து, தள்ளிவிட்ட கட்டைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

சட்டைகள் எங்கள் தலையில் விழுந்தன, மெஷின்களை சேட்டின் ஆட்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். ஏணி வழியாக இறங்காததால் தகரத்தைப் பிரித்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாங்கள் சிறுவர்கள் கைதட்டி வேடிக்கை பார்த்தோம். மாமா மாட்டுங்காவில் ஒரு தையல்கடையில் கூலிக்கு உட்கார்ந்தார். ஆபீஸ்காரர்களின் பேண்ட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது என்று அவருக்கு வந்த வேலையெல்லாம் மற்றவர்கள் வெட்டிய துணியில்தான்.

அம்மா அந்த நீலச் சட்டைகளை ரோட்டோரம் விரித்து வந்த விலைக்கு விற்றாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் சந்தில் என் வயதுப் பையன்கள் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள். ஒருவனுக்குக்கூட இறுக்கவுமில்லை, தொளதொளக்கவுமில்லை. ஏதோ பெரிய கான்வென்ட் பிள்ளைகள் மாதிரி நாங்கள் வரிசையாக நடந்தபோது, எதிரே வந்த மாமா எங்களைக் கண்டதும் சட்டென்று பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டார். பட்டாசுக்குப் பயந்துவிட்டார் என்று நாங்கள் சிரித்தோம்.

இன்று நான் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதங்கள் டைப் அடிக்கிறேன். போன மாதம் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் அந்தத் தீவைப் பற்றிப் படித்தேன். இப்போது அங்கேயே கொட்டகை கொட்டகையாகத் தையல் ஆலைகள் வந்துவிட்டனவாம். பெண்கள் அமெரிக்காவுக்குச் சட்டை தைக்கிறார்களாம். ஏழைத் தீவு ஒன்று ஊசி நூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது என்று எழுதியிருந்தது. நல்ல செய்திதான், நானும் மனதார வாழ்த்தினேன். கூடவே ஒன்று தோன்றியது. அவர்களுக்கும் ஒரு அளவுக் காகிதம் போகும். வேறு ஊர்ப் பிள்ளைகளின் அளவு அது. தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்காமல், எழுதியபடியே அவர்கள் வெட்டட்டும்.

இதெல்லாம் இப்போது தோன்றுவது. அப்போது எனக்கு மாமாவின் வெட்டு சரி, சூப்பர்வைசர்தான் தப்பு என்பதில் சந்தேகமே இல்லை. அதை எப்படியாவது நிரூபித்து மாமாவைத் தேற்ற வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஏழாம் வகுப்பு தொடங்கியபோது அதற்கு வாய்ப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டு, தன் தட்டிலும் போட்டுக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பட்டன்வரை பூட்டிக்கொண்டு, அவர்கள் முன்னால் வந்து நின்றேன்.

“மாமா, ரெண்டு வருசமாச்சு. இப்ப எனக்குப் பன்னெண்டு. இன்னும் எவ்வளவு சரியா இருக்கு பாருங்க!”

மாமா பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். கையைக்கூடக் கழுவாமல் இடக்கையால் என் தோள் தையலைத் தொட்டுப் பார்த்தார், அது தோளிலேயே இருந்தது. அம்மா தன் தட்டில் இருந்ததையெல்லாம் வழித்து எனக்கொரு தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

“உக்காந்து தின்னு” என்றாள்.

காலையிலேயே சாப்பிட்டாயிற்று, பசிக்கவில்லை என்றேன். சட்டையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.