சித்தியின் பெயரில் ஒரு போத்தல்

எங்கள் வீட்டில் வருத்தம் வந்தால் முதலில் அதை ஒளிப்பார்கள், மருந்தெல்லாம் பிறகுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பாலையூற்றில் குடியிருந்தோம். அம்மாவின் தங்கைக்கு, முப்பத்திரண்டு வயதில் ஒருவழியாக, வெருகலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அது குழம்பிவிடக் கூடாதென்று சித்தி தலையணையில் முகத்தைப் புதைத்து இருமப் பழகியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று ஒரு மணி நேரம் இருமாமல் இருந்துவிட்டாள் என்று அம்மா அவளை மெச்சினாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆராய்ச்சி டொக்டர் வந்து சேர்ந்தார். சீனி வருத்தம் உள்ளவர்களைக் கசம் என்கிற காசநோய் கூடுதலாகப் பிடிக்கிறதா என்று வீடு வீடாகச் சோதித்து எழுதுவது அவருடைய வேலை. வெயிலில் நடந்தே வந்த பெண். கதிரையில் உட்கார்ந்து, சித்தியின் விரல் நுனியில் குத்தி இரத்தம் பார்த்தார். சீனி ஏறியிருந்தது. சித்தி அடக்கிப் பார்த்தாள், முடியாமல் இருமிவிட்டாள்.

“எத்தனை நாளா இந்த இருமல்?” என்று டொக்டர் கேட்டார்.

“நேற்றைக்குத்தான்” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

டொக்டர் வாதாடவில்லை. சித்தியின் பெயர் எழுதிய சின்னப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். “காலமை எழும்பின உடன சளியை இதில துப்பி வையுங்கோ, நான் வந்து எடுக்கிறன். பயப்பிடாதேங்கோ. கசம் எண்டாலும் ஆறு மாதம் குளிசை போட்டால் மாறிடும். காசு ஒண்டும் தேவையில்லை.”

அம்மாவின் காதில் விழுந்தது கசம் என்ற சொல் மட்டும்தான். குளிசை வந்தால் அதைக் கொடுப்பவரும் வீட்டுக்கு வருவார், அயலவர் பார்ப்பார்கள், வெருகல்வரைக்கும் கதை போய்விடும். அந்தக் கிழமை எனக்கு நல்ல தடிமன், நெஞ்செல்லாம் சளி. விடியற்காலையில் அம்மா போத்தலோடு வந்து என்னை எழுப்பினாள்.

“நீ துப்பு. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. சித்தியின்ர கலியாணம் நடக்க வேணுமெல்லே?”

சித்தி அறை வாசலில் நின்றாள். வேண்டாமென்று சொல்லப்போகிறாள் போலிருந்தது. சொல்லவில்லை. நான் அம்மாவுக்குச் சரியென்று தலையாட்டிவிட்டு, நெஞ்சில் இருந்ததையெல்லாம் காறித் துப்பினேன்.

கசம் இல்லை என்று முடிவு வந்தது. டொக்டர் சந்தோசமாகத்தான் சொன்னார், இருமல் நிற்காவிட்டால் கட்டாயம் கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். என் சளி நல்ல சளி என்பதால் சித்திக்கும் சுகமாகிவிட்டது என்று நான் நம்பினேன். கலியாணம் சிறப்பாக நடந்தது. அதிலிருந்து எட்டாம் மாதம் சித்தியைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

கேள்விப்பட்டு டொக்டரும் செத்த வீட்டுக்கு வந்தார். அவரைக் கண்டதும் அம்மா எழும்பி நெஞ்சிலடித்துக் கத்தினாள்.

“சோதிச்சுப் பார்த்திட்டு ஒண்டும் இல்லை எண்டு சொன்னனீங்களெல்லே! இதுதானோ நீங்கள் படிச்ச படிப்பு?”

அம்மா நடிக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் அவளே அதை நம்பத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்காக இன்றைக்கும் அவளை மன்னிக்க என்னால் முடியவில்லை. வந்திருந்த சனமெல்லாம் டொக்டரைத் திரும்பிப் பார்த்தது. அவருடைய முகம் கறுத்துவிட்டது.

“எங்கட பக்கத்திலதான் எங்கேயோ பிழை நடந்திருக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா” என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சித்திக்காகக் கொடுத்த வாக்கை இத்தனை சனத்துக்கு நடுவிலும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.